இடைக்காலக் காவலா, காவற்பணியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓர் ஆட்சி போய் இன்னோர் ஆட்சி வரும் இடைவெளியில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு, பாடநூலில் போட ‘இடைக்காலக் காவல்’ என்ற சொல் சரிவராது என்று நினைக்கிறேன். நேற்று அண்ணா நகரில், குடிமைப்பணித் தேர்வுக்குத் தமிழிலேயே படிக்கும் பெண்ணிடம் அந்தச் சொல் வரும் வரியைக் காட்டினேன். “யாரை சார் உள்ளே வைச்சாங்க?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. ‘15 நாள் நீதிமன்றக் காவல்’ என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். ‘துறை’ பக்கத்தில் இல்லாமல் காவல் தனியாக நின்றால் சிறைதான் நினைவுக்கு வருகிறது.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. அல்ஜீரியாவில் 1962 மார்ச் 19 அன்று போர் நிறுத்தம்; ஜூலை 1 விடுதலைக்கான வாக்கெடுப்பு. நடுவில் மூன்றரை மாதம் பிரெஞ்சு ஆட்சி முழுசாகப் போகவுமில்லை, புது அரசு வரவுமில்லை. அந்த நாட்களில் தெருவில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள, தற்காலிக நிர்வாகக் குழுவின் கீழ் உள்ளூர்ப் படை ஒன்றுக்கு, பிரான்சும் அல்ஜீரிய விடுதலை முன்னணியும் செய்துகொண்ட எவியான் உடன்படிக்கை வழி செய்தது. அதே ஆண்டு, இந்தோனேசியா உரிமை கோரிய மேற்கு நியூ கினியிலிருந்து டச்சுக்காரர்கள் வெளியேற, அக்டோபர் 1 முதல் ஐ.நா.வே நிர்வாகத்தை ஏற்றது. பாகிஸ்தானிலிருந்து சுமார் 1,500 வீரர்கள் வந்தார்கள். ஆனாலும் சட்டம் ஒழுங்குக்கு முதன்மையாக அங்கே ஏற்கெனவே இருந்த பாப்புவா போலீஸையே பயன்படுத்துவது என்பதுதான் ஒப்பந்தம். ஆள் பழையவர், மேலதிகாரி புதியவர். ஆகவே பெயர் படைக்கு அல்ல, செய்கிற வேலைக்கு வேண்டும்: ‘இடைக்காலக் காவற்பணி’.

‘அமைதிப்படைக் காவல்’ வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டாலே இங்கே பலருக்கும் 1987-இன் யாழ்ப்பாணம்தான். அந்தக் காயத்தின் மேல் ஒரு பாடநூல் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கைமாற்றுக் காவல்’? கைமாற்று என்றால் நமக்குக் கடன்.

அப்புறம், சண்டையிடும் இருவருக்கு நடுவில் மூன்றாமவர் வந்து பேசுவதற்கு ‘மத்தியஸ்தம்’. ஊரறிந்த சொல், இருக்கட்டும். ஆனால் எல்லா இடத்திலும் போட வேண்டாம். நியூ கினி விவகாரத்தில் அமெரிக்கத் தூதர் எல்ஸ்வொர்த் பங்கர் தாமே ஒரு தீர்வுத் திட்டத்தை நெதர்லாந்து, இந்தோனேசியா என்ற இரு தரப்பின் முன்னும் வைத்தார், அது மத்தியஸ்தம். எவியான் பேச்சில் சுவிட்சர்லாந்து அப்படிச் செய்யவில்லை. ரகசியச் சந்திப்புகளுக்கு ஏற்பாடு செய்தது. அல்ஜீரியக் குழுவைத் தன் மண்ணில் தங்கவைத்து, ஜெனீவா ஏரிக்கு அக்கரையில், பிரான்சின் எவியானில் நடந்த பேச்சுக்கு அனுப்பிவைத்தது. இதற்கு ‘சந்து செய்தல்’ என்ற பழஞ்சொல்லை எடுக்கலாமா? பகைத்தவர்களைக் கூட்டிவைப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. சந்து என்றால் தெருதான் தோன்றுகிறது என்பவர்கள் வேறு சொல் தாருங்கள்.