கெட்டி ஜாக்கெட் போட்டும் நடுங்கினேன். ஜனவரியில் பனிமலைக்கு எதை வாங்குவது?

கல்லுக்கட்டி, காரைக்குடி:

வணக்கம். ஒரு குழப்பத்தைத் தீர்த்து வையுங்கள். போன ஜனவரியில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் இரண்டு இரவு கூடாரத்தில் தங்கினோம். ஊரில் ஒரு கடையில் வாங்கிய ஜாக்கெட் என்னிடம் இருந்தது. கையில் தூக்கினால் ஒன்றரைக் கிலோவாவது இருக்கும், அவ்வளவு கெட்டி. உள்ளே இரண்டு ஸ்வெட்டர் வேறு. ராத்திரி பத்து மணி வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மணிக்கு விழிப்பு வந்தபோது பல் தந்தியடித்தது. முதுகு சில்லென்று இருந்தது. கையை உள்ளே விட்டுப் பார்த்தால் ஜாக்கெட்டின் உள்துணி ஈரம். மழை ஒரு சொட்டு இல்லை. மகன் என் இரண்டு கையையும் தேய்த்து விட்டுக்கொண்டே விடியும் வரை உட்கார்ந்திருந்தான்.

வரும் ஜனவரியில் அவனோடு உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறப் போகிறேன். உச்சி சுமார் 12,500 அடி, வழியெல்லாம் பனி, தங்குவது கூடாரத்தில். எனக்கு 46 வயது. நடைக்குப் பயமில்லை, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து பழகிய கால். குளிர்தான் பயம். நம் ஊர் மார்கழிக்குத் தலையில் ஒரு துண்டு சுற்றினால் போதும், அதற்கு மேல் எனக்குத் தெரியாது. கடையில் கேட்டால் ஒருவர் வாத்துத் தூவி என்கிறார், இன்னொருவர் பாலியஸ்டர் பஞ்சு என்கிறார், மூன்றாமவர் தண்ணீர் புகாததுதான் வேண்டும் என்கிறார். எதை வாங்குவது? பழைய ஜாக்கெட்டில் என்ன கோளாறு?

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி, கோளாறு எங்கே என்று தெரியாமல் புதிது வாங்கினால் அதிலும் நடுங்குவீர்கள். முதலில் இதைச் சொல்லுங்கள். உடம்பை ஒட்டி என்ன துணி போட்டிருந்தீர்கள்? ஜிப் சுலபமாக ஏறியதா? கீழே என்ன விரித்தீர்கள்? படுக்கும் முன் நடந்தீர்களா?

கல்லுக்கட்டி, காரைக்குடி:

பருத்திச் சுடிதார். சாயங்காலம் ஏரிப் பக்கம் நன்றாக நடந்தோம், வியர்த்தது, மாற்றவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் ஜிப்பைப் போட்டேன். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் ஜமக்காளம்.

தேவகோட்டை ரஸ்தா:

அப்படியென்றால் மூன்று கோளாறு சேர்ந்து வந்திருக்கிறது.

நம் வீட்டு இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் படுத்தால் அமுங்கித் தகடாகிவிடும். வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பும். பஞ்சு அதேதான், எடையும் அதேதான். உள்ளே நிற்கும் காற்றுதான் கூடுகிறது. குளிரைத் தடுப்பதும் அந்தக் காற்றுதான். ஜாக்கெட்டின் எடை கணக்கில்லை, எவ்வளவு உப்பி நிற்கிறது என்பதே கணக்கு. இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் இறுக்கி ஜிப் போட்டதும் அத்தனை காற்றையும் பிழிந்து வெளியேற்றிவிட்டீர்கள்.

அடுத்தது பருத்தி. வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. ஈரத்துணி காய்வதற்கு உங்கள் உடம்புச் சூட்டைத்தான் எடுக்கும். அந்த ஈரம் ஆவியாகி வெளியே வரும்போது, குளிர்ந்த ஜாக்கெட்டில் பட்டு மறுபடி நீராகிவிடும். மழையில்லாமல் உள்துணி நனைந்தது அப்படித்தான். உங்கள் ஜாக்கெட்டின் வெளித்துணி ரெக்சின் மாதிரி இருந்தால் இன்னும் மோசம், ஆவி வெளியேற வழியே இல்லை.

மூன்றாவது தரை. முதுகுக்கு அடியில் எந்த ஜாக்கெட்டும் அமுங்கித்தான் போகும், அங்கே அதனால் பயனில்லை. நுரைப்பாய் வேண்டும். ஜமக்காளம் போதாது.

முன்னாள் ஹவில்தார், திருப்பத்தூர்:

தங்கச்சி, மேலே தம்பி சொன்னது சரி. லடாக்கில் மூன்று குளிர்காலம் இருந்தவன் நான். எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடம் எதைப் போடுவது என்பதல்ல, எப்போது கழற்றுவது என்பதுதான். ஏறத் தொடங்கும் முன் கெட்டி ஜாக்கெட்டைக் கழற்றிப் பையின் மேல்பக்கம் வைக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் குளிரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் உடம்பே சூடாகிவிடும். நின்றதும், வியர்வை ஆறுவதற்குள், எடுத்துப் போட்டுவிட வேண்டும். குளிரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தால் விட்ட சூட்டைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம். கூடாரத்துக்கு வந்ததும் உள்சட்டையை மாற்றுங்கள். படுக்க என்று ஒரு ஜோடி உலர்ந்த துணியும் காலுறையும் தனியாக பிளாஸ்டிக் பையில் இருக்கட்டும். அதை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். எவ்வளவு குளிரினாலும் கூடாரத்துக்குள் கரியடுப்போ கேஸ் அடுப்போ எரியவிட்டுத் தூங்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

கல்லுக்கட்டி, காரைக்குடி:

அண்ணே, மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். படிக்கப் படிக்க அந்த ராத்திரி கண்முன் வருகிறது. நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்திருக்கிறது. சரி, தூவியா பஞ்சா?

தேவகோட்டை ரஸ்தா:

தூவி என்பது வாத்தின் நெஞ்சுப் பக்கத்துச் சன்னமான மயிர். இறகு வேறு, அதற்கு நடுவில் தண்டு இருக்கும், தூவிக்கு இருக்காது. ஜாக்கெட்டில் 600, 700, 800 என்று எண் போட்டிருப்பார்கள். ஓர் அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்று அர்த்தம். எண் கூடினால் அதே சூட்டுக்கு எடை குறையும். ஆனால் 800 எண் தூவியைக் கொஞ்சமாக அடைத்த மெல்லிய ஜாக்கெட்டைவிட, 600 எண்ணை நிறைய அடைத்தது கதகதப்பாக இருக்கும். அதனால் எத்தனை கிராம் அடைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

தூவிக்கு எதிரி ஈரம். நனைந்தால் கட்டிகட்டியாகச் சுருண்டு காற்றை விட்டுவிடும், காயவும் நாளாகும். பாலியஸ்டர் பஞ்சு நனைந்தாலும் ஓரளவு தாங்கும், விலையும் குறைவு. ஆனால் பருமன் கூடுதல். அமுக்கி அமுக்கி வைத்தால் நாளடைவில் உப்புவது குறையும். கொடைக்கானல், மூணாறு மாதிரி சாரலும் மூடுபனியும் உள்ள இடத்துக்கு நான் பஞ்சுதான் சொல்வேன். ஜனவரி இமயமலையில் பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே போய்விடும். அந்தக் குளிரில் விழுவது காய்ந்த பனி, தட்டினால் உதிர்ந்துவிடும். அங்கே தூவி, தலைமூடி வைத்தது. அதன்மேல் போட, காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய மேலுறை ஒன்று தனியாக. இரண்டையும் ஒரே ஜாக்கெட்டில் தேடாதீர்கள், நடக்கும்போது மேலுறை மட்டும் போதும்.

ஜாக்கெட்டில் தொங்கும் அட்டையில் மைனஸ் 5, மைனஸ் 10 டிகிரி என்று இருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். தூங்கும் பைக்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு சோதனை முறை உண்டு. கடையில் தொங்கும் ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மைனஸ் எண் தயாரித்தவர் சொல்வதுதான். நடக்கிறவருக்குப் போதுவது உட்கார்ந்திருப்பவருக்குப் போதாது.

முன்னாள் ஹவில்தார், திருப்பத்தூர்:

தூவி ஜாக்கெட்டோடு நெருப்புப் பக்கத்தில் உட்காராதீர்கள். வெளித்துணி மெல்லிய நைலான். ஒரு பொறி பட்டால் மிளகு அளவு ஓட்டை, அதன் வழியே தூவி ஒவ்வொன்றாகப் பறக்கும். நைலான் ஒட்டுத்துணி இரண்டு துண்டு கையில் வைத்திருங்கள்.

கல்லுக்கட்டி, காரைக்குடி:

நேற்று மதுரை போய் வந்தோம். உள்சட்டை, ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற பாலியஸ்டர் மேல்சட்டை இரண்டையும் கையோடு எடுத்துப்போய் அவற்றின்மேல் தூவி ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தேன். என் வழக்கமான அளவில் தோள் பிடித்தது. ஓர் அளவு பெரிதில் இரண்டு கையையும் மேலே தூக்கினால் இடுப்பு வெளியே தெரியவில்லை. விற்பனைப் பையன் ஒன்று செய்து காட்டினான். ஜாக்கெட்டைக் கையில் சுருட்டி நசுக்கி மேஜைமேல் விட்டான். ஒரு மூச்சுவிடும் நேரத்தில் அது தானாக எழும்பி உட்கார்ந்தது. பக்கத்திலிருந்த விலை குறைந்த ஜாக்கெட் பாதியில் நின்றுவிட்டது. வாங்கி வந்து, ராத்திரி வீட்டு இரண்டாம் கட்டுக்குள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மகன் உள்பக்கம் செல்போன் வெளிச்சத்தைப் பிடிக்க நான் வெளியிலிருந்து, தையல் போட்டுப் பிரித்துத் தூவி அடைத்திருக்கும் ஒவ்வொரு தடுப்பாகப் பார்த்தேன். இடது அக்குளுக்குக் கீழே ஒரு தடுப்பில் மட்டும் தூவி ஓரமாக ஒதுங்கி, நடுவில் வெளிச்சம் அப்படியே வந்தது. மாற்றிவிடலாமா?

தேவகோட்டை ரஸ்தா:

நல்ல சோதனை. மாற்றும் முன் அந்தத் தடுப்பை விரலால் மெதுவாகத் தட்டிப் பரப்பிப் பாருங்கள். கடையில் மடித்தே கிடந்தால் ஒதுங்கியிருக்கும். பரவிவிட்டால் கவலையில்லை, மறுபடி ஒதுங்கினால் அடைத்தது போதாது, மாற்றுங்கள். உங்கள் மகனுக்குப் புதிது வாங்கவில்லை என்றால் ஏறத் தொடங்கும் சாங்கரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். அதற்கும் இதே வெளிச்சச் சோதனை செய்யுங்கள். வாடகை ஜாக்கெட் பல கை மாறியது.

திரும்பி வந்ததும் பைக்குள் அமுக்கியே வைத்துவிடாதீர்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டு, காற்றோட்டமான அறையில் தளர்வாகத் தொங்கவிடுங்கள்.

கல்லுக்கட்டி, காரைக்குடி:

தட்டியதும் பரவிவிட்டது, இரண்டு நாளாக அப்படியே நிற்கிறது. ஜாக்கெட் நிலைத்தது. ஒரே ஒரு சங்கடம்: ஜிப்பை வேகமாக இழுத்தால் உள்பக்கத்துத் துணிப்பட்டி பல்லில் மாட்டிக்கொள்கிறது. இருட்டில் கையுறையோடு எப்படி எடுப்பேன்? ஒரு தையல் போட்டு அந்தப் பட்டியை மடக்கிவிடலாமா?

செக்காலை தையல்காரர்:

அம்மா, தூவி இருக்கிற பாகத்தில் ஊசியே படக்கூடாது. ஒவ்வொரு ஊசித்துளையும் தூவிக்கு வாசல். பட்டி தனித்துணிதான், அதன் ஓரத்தை மட்டும் அரை விரல்கடை மடித்துக் கையால் ஓடுதையல் போட்டால் விறைப்பாக நிற்கும், பல்லில் விழாது. ஜிப் பல்லில் வெள்ளை மெழுகுவர்த்தியை மேலும் கீழும் இரண்டு தடவை தேய்த்துவிடுங்கள். இழுப்பானில் ஒரு சாண் நைலான் கயிறு முடிந்துவிட்டால் கையுறையோடு பிடிக்க வரும். வியாழக்கிழமைக்குள் கொண்டுவந்தால் உட்கார வைத்தே தைத்துத் தருகிறேன்.