நாப்பது ரெஸ்யூம் அனுப்பியாச்சு, ஒரு கால் கூட வரல

மன்னை பையன்:
எல்லாருக்கும் வணக்கம். 2023ல பிகாம் முடிச்சேன், மன்னார்குடி பக்கம் கிராமம். திருச்சி, தஞ்சாவூர், கோயம்புத்தூர்னு அக்கவுண்ட்ஸ் வேலைக்கு 40 எடத்துக்கு மேல அனுப்பிட்டேன், ஒருத்தரும் கூப்புடல. பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்து அடிச்சது, மூணு பக்கம், ஓரத்துல கலர் பார்டர்லாம் போட்டு பாக்க நல்லாத்தான் இருக்கு. டேலின்னு கணக்கு சாஃப்ட்வேர் படிச்ச சர்டிஃபிகேட் இருக்கு. படிச்சு முடிச்சதுலேந்து மாமாவோட உரக்கடைலதான் இருக்கேன், ஆனா அத போடல, உரக்கடைல நின்னவன்னு தெரிஞ்சா யாரு மதிப்பா. ரெஸ்யூம போட்டோ எடுத்து போட்டுருக்கேன், எங்க தப்புன்னு சொல்லுங்க.

கும்மோணத்தான்:
பாத்தேன் தம்பி. மொத பக்கத்துல பாதிக்கு மேல அப்பா பேரு, மதம், சாதி, பொறந்த தேதி, கல்யாணம் ஆச்சா இல்லையா... ராசி நட்சத்திரம் மட்டும்தான் பாக்கி, அதையும் போட்டா பொண்ணு பாக்க போயிடலாம். மேல லட்சியம்னு எழுதிருக்கற அந்த அப்ஜெக்டிவ் பாரா அந்த சென்டர்ல அடிக்கற எல்லாருக்கும் அதேதான், என் தங்கச்சிதுலயும் கமா மாறாம அப்படியே இருந்துச்சு. தூக்கிரு. மெயில் ஐடில ராக்ஸ்டார்னு இருக்கு, அதையும் மாத்து.

உறையூர் அக்கா:
நான் திருச்சில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், ஆள் எடுக்கறப்ப வர்ற ரெஸ்யூம் மொதல்ல எங்கிட்டதான் வரும். தம்பி, 2023க்கு அப்புறம் உன் ரெஸ்யூம்ல ஒண்ணுமே இல்ல, பாக்கறவங்க பையன் வீட்ல சும்மா இருக்கான்னுதான நெனப்பாங்க? நீ மறைச்சியே அந்த உரக்கடை, அதான் உன் ரெஸ்யூமே. விவசாயி ஆதார் நம்பர் குடுத்து கைரேகை வச்சு பிஓஎஸ் மெஷின்ல பில்லு போட்டாத்தான் உரக் கம்பெனிக்கு மானியம் போகும், மெஷின்ல காட்டற யூரியா ஸ்டாக்கும் குடோன்ல அடுக்கியிருக்கற 45 கிலோ மூட்டையும் ஒத்துப்போகணும், வேளாண்மை ஆபீஸ்லேந்து வந்து எண்ணுனா பதில் சொல்லணும். இத யாரு பாத்துக்கறா? நீதான? எங்க ஆபீஸ் பாஷைல அதுக்கு ஸ்டாக் ரீகன்சிலியேஷன்னு பேரு. உரத்துக்கு ஜிஎஸ்டி 5 பர்சண்ட், பூச்சி மருந்துக்கு 18, ரெண்டையும் ஒரே பில்லுல பிரிச்சு போட்டிருப்ப. அறுப்பு முடிஞ்சு தரேன்னு வாங்கிட்டு போறவங்க கடன் நோட்டு வேற. டேலி கோர்ஸ்ல இதெல்லாம் சொல்லித்தர மாட்டாங்கடா.

வலங்கைமான் வாத்தி:
ஓரத்துல பார்டர், பக்கத்த நெடுக்க ரெண்டா பிரிச்ச டிசைன்லாம் வேணாம், பெரிய கம்பெனில மொதல்ல சாஃப்ட்வேர்தான் படிக்கும், அப்படி பிரிச்சிருந்தா எழுத்து கலந்துபோயிடலாம். ஒரே பக்கம், பிடிஎஃப், ஃபைலுக்கு உன் பேர வையி. புது ரெஸ்யூம் ஃபைனல் 3ன்னு அனுப்பாத.

மன்னை பையன்:
நன்றிக்கா, அழுகையே வந்துருச்சு. இப்படி எழுதிருக்கேன், இங்கிலீஷ்ல மாத்திக்கறேன்: "உரக்கடையில் கணக்கு வேலை பார்த்தேன்." சரியா?

உறையூர் அக்கா:
இதுல என்ன தெரியுது? ஒரு நாளைக்கு எத்தன பில்லு, கடன் நோட்டுல எத்தன பேரு?

மன்னை பையன்:
சம்பா நடவப்ப ஒரு நாளைக்கு 70, 80 பில்லு போகும். கடன்ல 130 பேரு இருக்காங்க. மொதல்ல நோட்டுலதான் இருந்துச்சு, நான்தான் எக்செல்ல ஏத்துனேன்.

உறையூர் அக்கா:
அடப்பாவி, இத கடைசில சொல்ற! அதான் மொத வரி. "130 வாடிக்கையாளர் கடன் கணக்க நோட்டுலேந்து எக்செல்லுக்கு மாத்துனேன், சீசன்ல தெனம் 70 பில், மெஷின் ஸ்டாக்கும் குடோன் ஸ்டாக்கும் சரிபாத்தேன்." உள்ளத மட்டும் போடு, இண்டர்வியூல எக்செல்ல தொறந்து காட்டுன்னு நானே கேப்பேன்.

கும்மோணத்தான்:
மாமா நம்பர ரெஃபரன்ஸா போட்டுக்க.

மன்னை பையன்:
கேட்டேண்ணே. "தாராளமா போடு, ஆனா சம்பா நடவு முடியற வரைக்கும் எவன் கூப்புட்டாலும் போவப்படாது"ங்கறாரு.