பேனல் டிஸ்கஷன்: ‘உரையாடலரங்கு’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

‘பேனல் டிஸ்கஷன்’ என்பதற்குக் ‘குழு விவாதம்’ என்ற சொல்லே போதுமே என்று நேற்று நம் குழுவுக்கு வந்த மடலில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். போதாது என்பதை இங்கே சேலத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் நிழல் மரங்களைப் பற்றிக் ‘குழு விவாதம்’ நடத்துகிறோம் என்று ஒரு மாநாட்டுக்கு முன்மொழிவு அனுப்பினோம். பேச இருந்தவர்கள் நான்கு பேர்: தாவரவியல் பேராசிரியர், தோட்டக்காரர், ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெரியவர். நிழலுக்கு நடும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். ஆனால் நெடுநெடுவென்று வளரும், மிளகுக்கொடி ஏற்றலாம், தோட்டக்காரருக்குக் கையில் காசு. பெரியவருக்கோ பலா நின்ற இடத்தில் பலாதான் நிற்க வேண்டும். இதில் யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல ஆள் தேவையில்லை. நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுப் பேசினாலே போதும்.

வந்த பதில் என்ன தெரியுமா? ‘எந்த அணியில் யார்? நடுவர் பெயர் விடுபட்டுள்ளது.’ பட்டிமன்றம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மாணவர்களைக் கேட்டால், வேலைக்கு ஆள் எடுக்கும்போது பத்துப் பேரை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவதுதான் குழு விவாதம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

‘கலந்துரையாடல்’ நல்ல சொல்தான். ஆனால் அதில் எல்லாரும் பேசலாம். இங்கே சிலர் மேடையில் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டு அப்புறம் கேள்வி எழுப்புகிறார்கள். கவியரங்கம், கருத்தரங்கம், பயிலரங்கம் என்று ‘அரங்கு’ நம் வாயில் ஏற்கெனவே பழகியிருக்கிறது. கேட்க ஓர் அவை இருக்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது. அதனால் ‘உரையாடலரங்கு’ என்கிறேன். ‘பலகை’ வேண்டவே வேண்டாம். பேனல் என்றதும் மின்பலகையை நினைக்கிற எலக்ட்ரீஷியனுக்கே அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

பேசுபவரைப் ‘பங்குரைஞர்’ எனலாம், வழக்குரைஞர் போல. நடத்துபவருக்குச் சொல் தேடுவதுதான் சிக்கல். ‘நெறியாளர்’ என்றதும் முனைவர் பட்ட மாணவர் தம் ஆய்வு நெறியாளரை நினைப்பார், ‘நடத்துநர்’ பேருந்தில் விசிலோடு நிற்கிறார். ‘அரங்க நெறியாளர்’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீரும் என்று தோன்றுகிறது.

இந்த ஊரில்தான் 1916இல் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியலுக்குத் தமிழ்ச்சொல் ஆக்க ஒரு சங்கம் வைத்து இதழும் நடத்தினார்கள். அதே ஊரில் இருந்துகொண்டு பேனல் என்றே எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

திருத்திய முன்மொழிவு வெள்ளிக்கிழமை போகிறது. தலைப்பில் ‘உரையாடலரங்கு’ என்றே போடப்போகிறேன். ‘பங்குரைஞர்’ காதுக்கு உறுத்தினால் வியாழன் இரவுக்குள் வேறு சொல் கொடுங்கள்.