சைடு ரேடியேட்டர் ஸ்கூட்டர்: ரிசர்வாயர் ஃபுல், ஆனாலும் டெம்பரேச்சர் லைட் எரியுது

குரோம்பேட்டை155:

155 சிசி லிக்விட் கூல்டு ஸ்கூட்டர், 38,000 கி.மீ. ரேடியேட்டர் இன்ஜினுக்கு வலது பக்கம், பிளாஸ்டிக் கவருக்குள்ள. சிக்னல் சிக்னலா ஊர்ந்து போனா 20 நிமிஷத்துல டெம்பரேச்சர் லைட் எரியுது. 50-60ல ஓட ஆரம்பிச்சா அணைஞ்சிடுது. ரிசர்வாயர்ல (ரேடியேட்டரோட ட்யூப்ல சேர்ந்த கூலண்ட் டப்பா) லெவல் ஃபுல் கோட்டுக்கு மேலேயே நிக்குது, ராத்திரி முழுக்க ஆறின பிறகும் இறங்கறதில்ல. கீழ சொட்டு எதுவும் இல்ல. ஆயில் நிறம் சரியா இருக்கு. கூலண்ட் மாத்தி ஆறு மாசம்.

ஒர்க்‌ஷாப்ல ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டைக் கழட்டணும்னு சொல்றாங்க. இல்லன்னா தெர்மோஸ்டாட்டை (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடற வால்வு) எடுத்துட்டு ஓட்டலாமாம். ஹெட்டைத் தொடறதுக்கு முன்னாடி வீட்டுலயே என்னென்ன பார்க்கலாம்?

டூவீலர்_துரை:

டிராஃபிக்ல மட்டும் சூடாச்சுன்னா பெரும்பாலும் ஃபேன்தான் ப்ரோ. ஃபியூஸ், ரிலே பாருங்க. ரெண்டும் நல்லா இருந்தா ஃபேன் மோட்டார் கப்ளரைக் கழட்டி நேரா பேட்டரியில கொடுத்துப் பாருங்க, சுத்துதான்னு தெரிஞ்சிடும்.

ஸ்பேனர்12:

துரை, அவர் வண்டியில ஃபேன் மோட்டாரே கிடையாது. ஏரோக்ஸ் 155, என்மேக்ஸ் மாதிரி ரேடியேட்டரை இன்ஜின் பக்கவாட்டுல வச்ச ஸ்கூட்டர்கள்ல ஃபேன் கிராங்க்ல, மேக்னெட் ரோட்டார் மேலேயே போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். இன்ஜின் சுத்தினா ஃபேன் சுத்தும், அவ்வளவுதான். பிளாஸ்டிக் இறக்கை உடைஞ்சிருக்கான்னு பார்க்கலாமே தவிர ரிலே தேடி பிரயோஜனமில்ல.

குரோம்பேட்டை நண்பரே, நீங்க எழுதினதுல முக்கியமான வரி, ‘ஆறின பிறகும் இறங்கறதில்ல’. இந்த வகை வண்டியில ரேடியேட்டரும் இன்ஜினும் சேர்ந்து பிடிக்கிற கூலண்டே ஏறக்குறைய அரை லிட்டர்தான். 30 டிகிரியில இருந்து 95க்குப் போகும்போது அது விரியறது 20 மில்லி அளவு. அந்த 20 மில்லி ரேடியேட்டர் மூடியைத் தள்ளிக்கிட்டு ரிசர்வாயருக்குப் போகும். ஆறும்போது உள்ள வெற்றிடம் உண்டாகி, மூடி நடுவுல இருக்கிற குட்டி வால்வு திறந்து, அதே 20 மில்லி திரும்ப உள்ள வரணும். உங்களுக்குத் திரும்பி வரலை. அதாவது வெளிய போன ஒவ்வொரு தடவையும் கூலண்டுக்குப் பதிலா காத்து உள்ள போயிருக்கு. ரிசர்வாயர் நிரம்பியிருக்கு, ரேடியேட்டர் காலி. ரிசர்வாயரை மட்டும் பார்த்துட்டு ‘கூலண்ட் இருக்கு சார்’னு சொல்றவங்க ஏமாறுற இடம் இதுதான்.

செய்ய வேண்டியது: வண்டி முழுசா ஆறினதும், காலையில முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி, ரேடியேட்டர் மூடியைத் திறங்க. சூடா இருக்கும்போது தொடவே கூடாது, அழுத்தம் விட்டதும் உள்ள இருக்கிறது பொங்கி மூஞ்சியில அடிக்கும். கூலண்ட், மூடி உட்கார்ற கழுத்து விளிம்பு வரைக்கும் நிக்கணும். நிக்கலைன்னா மருந்து அளக்கிற சிரிஞ்சால ஊத்தி, எத்தனை மில்லி பிடிக்குதுன்னு எழுதி வைங்க.

அடுத்தது மூடி. ரெண்டு ரப்பர் இருக்கும். கீழ் ரப்பர் அழுத்தத்தைப் பிடிக்கும். மேல் ரப்பர், கழுத்து விளிம்புல உட்கார்றது, வெளிக்காத்தைத் தடுக்கும். நகத்தால அழுத்துங்க, தடம் விழுந்து மறைஞ்சா உயிரோட இருக்கு. பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருந்தாலோ, வெடிப்பு தெரிஞ்சாலோ மூடியை மாத்துங்க. நடு வால்வை நகத்தால லேசா இழுத்து விட்டா ஸ்பிரிங்கோட டக்குனு திரும்பணும். மூடி மேல 1.1னு போட்டிருந்தா 1.1 பார், ஏறக்குறைய 16 பிஎஸ்ஐ. அதே எண் உள்ள மூடிதான் வாங்கணும், ‘ஸ்ட்ராங்கா இருக்கட்டும்’னு கூட்டிப் போடாதீங்க.

கழுத்துல இருந்து ரிசர்வாயருக்குப் போற மெல்லிய ட்யூப்பையும் கழட்டி, ஒரு முனையை விரலால மூடி ஊதிப் பாருங்க. கிளிப் அடியில முடி மாதிரி ஒரு வெடிப்பு இருந்தாக்கூட கூலண்டுக்குப் பதிலா காத்தைத்தான் உறிஞ்சும்.

வால்வுகேப்:

ஸ்பேனர் சொன்னதை முதல்ல முடிச்சிடுங்க. ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க ஹெட்டைக் கழட்ட வேண்டியதில்லை.

ஆறின இன்ஜின், ரேடியேட்டர் மூடி திறந்தபடி, கழுத்து வரை கூலண்ட். ஸ்டார்ட் செய்து முதல் ஒரு நிமிடம் கவனியுங்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதே, கூலண்ட் வெதுவெதுப்பாகக்கூட ஆகாத நிலையில், சீராக, நிற்காமல் குமிழி வந்தால் சிலிண்டரில் எரிந்த புகைவாயு கூலண்டுக்குள் வருகிறது என்று பொருள். சூடேறிய பிறகு நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் அது சிக்கியிருந்த காற்றுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பல ஹெட்டுகள் அநியாயமாகக் கழட்டப்படுகின்றன. உறுதி வேண்டுமென்றால் கார் ஒர்க்‌ஷாப்களில் நீலத் திரவம் வைத்த பிளாக் டெஸ்டர் இருக்கும். கழுத்தில் வைத்து உறிஞ்சினால், புகைவாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். திரவத்துக்குள் கூலண்டே ஏறிவிட்டால் அந்தச் சோதனை செல்லாது, கொஞ்சம் கூலண்டை எடுத்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு ஓட்டுவது மருந்தல்ல. சூடேற வேண்டிய நேரத்தில் இன்ஜின் சூடேறாது. சென்சார் ‘இன்னும் குளிர்’ என்று சொல்ல, ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். மைலேஜ் போகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரோடு இறங்கி ஆயிலில் கலக்கும். பைபாஸ் வழி உள்ள இன்ஜின்களில் கூலண்டின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றும்.

சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழட்டி நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள், பக்கத்தில் தெர்மாமீட்டர். பொதுவாக 80-84 டிகிரியில் வாய் திறக்க ஆரம்பித்து, 95ஐ ஒட்டி முழுதாகத் திறக்கும். உங்கள் வண்டிக்கான எண் அதன் மேலேயே அடித்திருக்கும்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைத்துக் காட்டும். கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சதுரம் ஒட்டி, அதன் மேல் பாருங்கள்.

குரோம்பேட்டை155:

இன்னிக்குக் காலையில பார்த்தேன். ரேடியேட்டர் 160 மில்லி பிடிச்சுது! மேல் ரப்பர் கல்லு மாதிரி, ஒரு பக்கம் வெடிப்பு. ட்யூப் நல்லா இருக்கு. ஸ்டார்ட் செஞ்சு ஒரு நிமிஷம், குமிழியே இல்ல. ஃபேன் இறக்கை முழுசா இருக்கு. ஆனா ரேடியேட்டர் ஃபின்ல (மெல்லிய தகடு வரிசை) கீழ் மூணுல ஒரு பங்கு சேறு காய்ஞ்சு கட்டியா இருக்கு. ஊத்தினது டிஸ்டில்டு வாட்டர். அப்படியே விட்டுடலாமா, முழுக்க மாத்தணுமா?

ஸ்பேனர்12:

முழுக்க மாத்துங்க. அரை லிட்டர்ல 160 மில்லி வெறும் தண்ணின்னா கலவை அடி வாங்கிடுச்சு. நம்ம ஊர்ல உறையாதுதான், ஆனா கூலண்ட்ல இருக்கிற கிளைக்கால் உறையாம இருக்க மட்டும் இல்ல. வெறும் தண்ணி திறந்த பாத்திரத்துல 100ல, 1.1 பார் மூடியோட 122 வாக்குல கொதிக்கும். பாதிக்குப் பாதி கலவை, அதே மூடியோட 125ஐத் தாண்டித்தான் கொதிக்கும். துரு பிடிக்காம காக்கிற மருந்தும் அதுலதான் இருக்கு. அதுக்காக கான்சென்ட்ரேட்டை (தண்ணி கலக்காத கூலண்ட்) அப்படியே ஊத்தாதீங்க, கிளைக்கால் கூடினா சூட்டை வாங்கிட்டுப் போற திறன் குறையும். பிரீமிக்ஸ் (தண்ணி கலந்தே வர்றது) வாங்கினா தண்ணி சேர்க்கக் கூடாது. போர் தண்ணி எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், அந்த உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ள வெள்ளையாப் படிஞ்சா கழுவி எடுக்க முடியாது. நிறத்தைப் பார்த்துக் கலக்காதீங்க, பச்சை, சிவப்பெல்லாம் வெறும் சாயம். டப்பா பின்னாடி என்ன வகைன்னு படிங்க.

முதல்ல ஃபின். கவரைக் கழட்டி, சேறு ஊற கால் மணி நேரம் ஈரமா வச்சு, சாதாரண ஓஸ் தண்ணியை ஃபேன் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா விடுங்க, பழைய டூத்பிரஷ் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் காட்டினா ஃபின் எல்லாம் படுத்துடும், சேறு இருந்ததைவிட மோசம். ஃபேனைச் சுத்தியிருக்கிற பிளாஸ்டிக் கூண்டைத் திரும்ப மாட்ட மறக்காதீங்க. அது இல்லன்னா ஃபேன் ரேடியேட்டர் வழியா காத்தை இழுக்காம பக்கத்துல இருந்து இழுத்துக்கும்.

நிரப்பறது: சென்டர் ஸ்டாண்ட். கழுத்து வழியா மெதுவா ஊத்துங்க, நடுநடுவுல ஹோஸைப் பிசைஞ்சு விடுங்க. ஏர் பிளீட் போல்ட் இருந்தா லூஸ் பண்ணி, குமிழி இல்லாம கூலண்ட் வழிஞ்சதும் இறுக்குங்க. மூடி இல்லாம ஐடிலிங்ல விட்டு, அப்பப்போ ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து விடுங்க (பின்சக்கரம் சுத்தும், யாரையும் பக்கத்துல நிக்க விடாதீங்க). லெவல் இறங்க இறங்க ஊத்துங்க. தெர்மோஸ்டாட்ல இருந்து ரேடியேட்டருக்குப் போற ஹோஸ் திடீர்னு சூடானா தெர்மோஸ்டாட் திறந்துடுச்சு. அதுக்கப்புறம் குமிழி அடங்கினதும் புது மூடியைப் போட்டு, ரிசர்வாயரை லோ, ஃபுல் ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துங்க.

மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால கோடு போடுங்க. ஒரு ஓட்டம் சூடாகி வந்ததும் கோட்டுக்கு மேல கொஞ்சம் ஏறணும், மறுநாள் காலையில கோட்டுக்கே திரும்பணும். ரெண்டு மூணு நாள் பாருங்க. கோட்டுக்குக் கீழ இறங்கி நின்னா, மிச்சக் காத்து வெளிய போயிருக்கு, ரிசர்வாயர்லயே ஊத்தினா போதும். தினமும் இறங்கிக்கிட்டே இருந்தா வாட்டர் பம்ப் அடியில இருக்கிற சின்ன ஓட்டையைப் பாருங்க. அங்க கூலண்ட் காய்ஞ்ச கறை இருந்தா மெக்கானிக்கல் சீல் போச்சு, ஆயில் கசிஞ்சா ஆயில் சீல். அந்த ஓட்டையை எம்-சீல் வச்சு அடைக்கிறவங்களும் உண்டு. அடைச்சா கூலண்ட் ஆயிலுக்குள்ள போகும்.

டூவீலர்_துரை:

சரிதான், நான் சொன்னது முன்பக்க ரேடியேட்டர் வண்டிக்கு. அந்த வித்தியாசம் நடுரோட்டுல லைட் எரியும்போதும் இருக்கு. எலக்ட்ரிக் ஃபேன் வண்டின்னா ஓரம்கட்டி, இன்ஜினை கில் சுவிட்ச்ல நிறுத்திட்டுச் சாவியை ஆன்லயே வைங்க. பல மாடல்ல ஃபேன் ஓடி ஆத்தும். இவர் வண்டியில சாவி ஆன்ல இருந்தா பேட்டரிதான் இறங்கும். ஆஃப் பண்ணி, நிழல்ல அரை மணி நேரத்துக்கு மேல விடணும். இன்ஜின் மேல பச்சைத்தண்ணி ஊத்தாதீங்க, சூடான அலுமினியம் ஒரு பக்கம் மட்டும் சுருங்கினா ஹெட் வளையும், அப்புறம் ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது உண்மையாயிடும்.

கழட்டின பழைய கூலண்டைத் தெருவுல ஊத்தாதீங்க ப்ரோ. இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கிடும், கிட்னி போய் செத்துடும். பாட்டில்ல பிடிச்சு, மூடி இறுக்கி, பழைய ஆயில் சேர்க்கிற ஒர்க்‌ஷாப்ல தனியா கொடுங்க, ஆயில் கேன்ல கலக்காம.