அப்லிங்க் தாமதம்: மோடத்தை விரட்டுவதா, ஷெட்யூலரைத் திருத்துவதா?

கோபுரத்தடி:
5ஜி மோடம் அப்லிங்க் டேட்டாவை, அதாவது மொபைலிலிருந்து கோபுரத்துக்குப் போவதை, தயார் செய்ய எடுக்கும் நேரத்தில் இரண்டு தரம் உண்டு. துணை அலைகளுக்கு இடையே 30 கிலோஹெர்ட்ஸ் வைக்கும் அமைப்பில், கோபுரத்தின் ஷெட்யூலர் தரும் கிராண்ட் (அனுப்ப அனுமதி) வந்து முடிந்ததிலிருந்து முதல் தரத்துக்கு 12 சிம்பல் (சிறு நேரத் துண்டு) வேண்டும், இரண்டாம் தரத்துக்கு 5.5 போதும். அதாவது 428 மைக்ரோநொடி, 196 மைக்ரோநொடி. இரண்டாவது இப்போது விருப்பத்துக்கு விட்டது. அதை எல்லா மொபைலுக்கும் கட்டாயமாக்கச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை.

பரவலாக உள்ள டிடிடி (ஒரே அலைவரிசையில் இரு திசையும் மாறி மாறிப் போகும் முறை) வரிசையைப் பாருங்கள். ஒரு ஸ்லாட் என்பது 14 சிம்பல். மூன்று டவுன்லிங்க் (கோபுரத்திலிருந்து மொபைலுக்கு) ஸ்லாட், இரண்டும் கலந்த ஒரு கலப்பு ஸ்லாட், ஒரு அப்லிங்க் ஸ்லாட், மொத்தம் 2.5 மில்லிநொடி. "எனக்கு இடம் வேண்டும்" என்று கேட்பதற்கே மொபைல் அப்லிங்க் ஸ்லாட் வரும்வரை காத்திருக்க வேண்டும். கேட்ட பிறகு அனுப்புவது அடுத்த சுற்றில்தான். முதல் கிராண்ட் சிறியதாக இருந்தால், பஃபரில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கோடு அது முடிந்துவிடும், மீதிக்கு இன்னொரு சுற்று. இதில் 230 மைக்ரோநொடியை மிச்சம் பிடித்து என்ன பயன்?

சிலிக்கான்வாசி:
சார், அந்த 428 மைக்ரோநொடி சும்மா வந்ததில்லை. 4ஜி எஃப்டிடியில் (இரு திசைக்கும் தனித்தனி அலைவரிசை) கிராண்ட் வந்த சப்ஃபிரேமிலிருந்து (ஒரு மில்லிநொடித் துண்டு) நான்காவதில் அனுப்புவோம். 100 கி.மீ. செல் என்றால் டைமிங் அட்வான்ஸ் (தூரத்துக்கேற்ப முன்னதாக அனுப்ப வேண்டிய நேரம்) போக மோடத்துக்கு 2.3 மில்லிநொடி கிடைத்தது. அங்கே கிராண்டின் அளவு தெரிந்த பிறகுதான் பாக்கெட்டுகளை ஒட்டிச் சேர்க்க முடியும். 5ஜியில் பாக்கெட்டுகளை அளவுக்கு வெட்டும் ஆர்எல்சி அடுக்கில் அந்த ஒட்டும் வேலையையே எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அடுத்த அடுக்கான மேக் போடும் தலைப்பு அதன் பக்கத்திலேயே நிற்கும். அதனால் கிராண்ட் வருவதற்கு முன்பே மறைகுறியாக்கம் செய்து வரிசையில் வைத்துவிடலாம்.

அப்படியும் முதல் தரம் எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். கலப்பு ஸ்லாட்டின் முதல் சிம்பலில் கிராண்ட், அடுத்த ஸ்லாட்டில் அப்லிங்க் என்று வைப்போம். இடையே 13 சிம்பல். அப்லிங்கின் முதல் சிம்பலில் பைலட் (சேனலை அளக்க உதவும், முன்பே தெரிந்த சிக்னல்) மட்டும் இருந்தால் 12 போதும், இல்லையென்றால் 13 வேண்டும். டிடிடியில் எப்படியும் 13 மைக்ரோநொடி முன்னதாக அனுப்பியாக வேண்டும், ஆக 13 சிம்பல் கேட்கும் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது. பைலட்டை முன்னால் வைத்தாலும் மிஞ்சுவது சுமார் 22 மைக்ரோநொடி. கோபுரத்திலிருந்து 3.4 கி.மீ. தாண்டினால் அதுவும் காலி. நேரம் பத்தாத கிராண்டை மொபைல் கண்டுகொள்ளாமல் விடலாம் என்றே விதி இருக்கிறது.

கோபுரத்தடி:
கணக்கு சரி. ஆனால் அந்தக் கிராண்டை ஏன் கலப்பு ஸ்லாட் வரை இழுத்தடிக்க வேண்டும்? கோரிக்கை முந்தைய அப்லிங்க் ஸ்லாட்டிலேயே வந்துவிட்டது. மூன்றாவது டவுன்லிங்க் ஸ்லாட்டில் கிராண்ட் கொடுத்தாலும் டேட்டா போவது அதே அப்லிங்க் ஸ்லாட்டில்தான். ஒரு மில்லிநொடிக்குள் முடிவெடுக்கும் ஷெட்யூலர் இருந்தால் முதல் தர மோடமே போதும்.

இன்னொன்று. ஒவ்வொரு அப்லிங்க் ஸ்லாட்டிலும் கேட்க வாய்ப்பு உண்டு என்று வைத்துத்தான் மேலே கணக்குப் போட்டேன். இரண்டு வாய்ப்புகளுக்கு நடுவிலான இடைவெளியை 10, 20 மில்லிநொடி என்று வைக்கவும் இடமுண்டு. 20 வைத்த செல்லில் கேட்பதற்கே சராசரியாக 10 மில்லிநொடி போய்விடும். அதைத் தொடாமல் மோடத்தை விரட்டுவது நியாயமில்லை.

சிலிக்கான்வாசி:
இடைவெளியைக் குறைத்தால் ஒவ்வொரு மொபைலுக்கும் கன்ட்ரோல் சேனலில் இடம் ஒதுக்க வேண்டும். ஆயிரம் பேர் இருக்கும் செல்லில் அது எங்கிருந்து வரும்?

நிரல்மதி:
கேட்காமலே அனுப்ப வழி இருக்கிறதே. கான்ஃபிகர்ட் கிராண்ட் (முன்பே ஒதுக்கி வைத்த இடம்) கொடுத்தால் குறித்த நேரத்தில் மொபைல் நேராக அனுப்பிவிடும். குரல் அழைப்பு, தொழிற்சாலை சென்சார் போல ஒரே தாளத்தில் வரும் டேட்டாவுக்கு அதுதான் சரி. எப்போது வரும் என்று தெரியாத டேட்டாவுக்கு வைத்தால் ஒதுக்கிய இடம் வெறுமனே கிடக்கும்.

அப்புறம் பேட்டரியையும் பாருங்கள். 5ஜி தரநிலையின் ரிலீஸ் 16இல் கிராண்டுக்கும் அப்லிங்குக்கும் குறைந்தபட்ச இடைவெளி வைக்க வழி செய்தார்கள். மோடம் அவசரமில்லாமல் மெதுவாக ஓடி மின்சாரத்தை மிச்சப்படுத்தட்டும் என்பதற்காக. கட்டாயமாக்கினால் மலிவு விலை மொபைலிலும் வேகமான சிப் வைத்தாக வேண்டும். அதன் விலையை வாங்குகிறவர்தான் கொடுப்பார்.

சிலிக்கான்வாசி:
எஃப்டிடியை இருவரும் விட்டுவிட்டீர்கள். அங்கே அப்லிங்க் எப்போதும் திறந்தே இருக்கிறது. 15 கிலோஹெர்ட்ஸில் முதல் தரம் 10 சிம்பல், இரண்டாம் தரம் 5. முதல் சிம்பலில் கிராண்ட் வந்தால் இரண்டாம் தர மொபைல் அதே ஸ்லாட்டின் பின்பாதியில் அனுப்பி முடித்துவிடும். முதல் தரத்துக்கு மிஞ்சுவது கடைசி இரண்டு மூன்று சிம்பல்தான், அதற்குள் என்ன அடங்கும்? ரோபோ கைக்கு அந்த அரை மில்லிநொடி பெரிது.

கோபுரத்தடி:
எஃப்டிடியில் ஓடும் தொழிற்சாலைக் கருவிக்கு இரண்டாம் தரம் வேண்டும் என்றால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். டிடிடி மொபைலுக்குக் கட்டாயமாக்குவதை ஏற்க மாட்டேன். அங்கே முதலில் ஆபரேட்டர்கள் கோரிக்கை இடைவெளியை வெளியே சொல்லட்டும்.