கானல் நீர் பொய் என்றால் போனில் எப்படி விழுந்தது?

குட்டியானைக்காரன், குடியாத்தம்:
லுங்கிக் கட்டு ஏற்றிக்கொண்டு ராணிப்பேட்டை போகிறவன் நான். போன வாரம், அக்னி நட்சத்திரம், மத்தியானம் 2 மணி. லீவு என்பதால் மகளும் வண்டியில் இருந்தாள். பள்ளிகொண்டா பக்கம் ஹைவேயில் ஏறியதும் தூரத்தில் ரோடு முழுக்கத் தண்ணீர். எதிரே வந்த லாரி அதில் தலைகீழாகத் தெரிந்தது. மகள் போனில் படம் பிடித்தாள். படத்திலும் தண்ணீர்! "கண்ணு ஏமாறுதுன்னா சரி, போனு எப்படிப்பா ஏமாறும்?" என்கிறாள். என்னிடம் பதில் இல்லை. யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி வாத்தியார்:
போனும் ஏமாறவில்லை, கண்ணும் ஏமாறவில்லை. வெயிலில் காய்ந்த தார் ரோட்டை ஒட்டியிருக்கும் காற்று, மேலே உள்ள காற்றைவிட ரொம்பச் சூடு, அதனால் லேசு. வானத்திலிருந்து சாய்வாக இறங்கும் ஒளி அந்த லேசான காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, ரோட்டைத் தொடாமலே மேலே திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. நீங்கள் பார்த்தது வானத்தில் ஒரு துண்டு. காற்று அலைவதால் அதுவும் நெளிகிறது. தரையில் வானம் தெரிந்தால் குளம் என்றே பழகிய மூளை அதற்குத் தண்ணீர் என்று பெயர் வைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

1798-ல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன சிப்பாய்கள் பாலைவனத்தில் ஏரி ஏரியாகப் பார்த்துத் தவித்தார்கள். கூடப் போயிருந்த மோன்ஜ் என்ற கணித மேதைதான் அதற்கு விளக்கம் எழுதினார்.

ஒளி வளைவது ஒரு டிகிரிகூட இருக்காது. அதனால்தான் எட்ட இருக்கும்போது மட்டும் தெரிந்து, கிட்டே போனால் மறைகிறது. ஒன்று செய்து பாருங்கள். நின்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் குத்துக்காலிட்டு உட்காருங்கள். தண்ணீர் உங்கள் பக்கம் நகர்ந்து வரும். ஹைவேயில் வேண்டாம் சாமி, ஊர் ரோட்டில்.

சொல்தேடி:
பேரைப் பற்றி நான் சொல்கிறேன். பழைய தமிழில் இதற்குப் பேய்த்தேர் என்று பெயர். ஆள் இல்லாமல் ஓடுகிற தேர், நெருங்கினால் காணோம். கானல் நீரைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். கானல் என்றால் கடற்கரைச் சோலை என்றும் ஒரு பொருள் உண்டு, அங்கே நல்ல நிழல் இருக்கும். வடமொழியில் மிருகத்ருஷ்ணை, அதாவது மானின் தாகம். தண்ணீர் என்று நினைத்து மான் ஓடுகிறதாம். பாவம்.

பாலாற்றங்கரை:
தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம்ம வேலூரைச் சொல்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறுதான் பாக்கி. ரோட்டிலாவது ஓடட்டும், விடுங்க.

குட்டியானைக்காரன், குடியாத்தம்:
வாத்தியாரே, செய்து பார்த்துவிட்டோம். நின்றபோது நாலாவது புளியமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தண்ணீர், உட்கார்ந்ததும் ரெண்டாவது மரத்துக்கு வந்துவிட்டது! மகள் பத்துத் தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். டீக்கடைக்காரர் ஓடிவந்து, "என்னா சார், சாவி விழுந்துடுச்சா?" என்று அவரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்.