சூடானால் திணறும் பத்மினி: பெட்ரோல் பம்பா, காயிலா?

எல்லோருக்கும் வணக்கம். அப்பா வாங்கிய 1984 பிரீமியர் பத்மினி காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். காலையில் சோக்கை இழுத்தால் உடனே கிளம்பிவிடும். 20 கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் இரண்டு சிக்னலில் நின்றால் போதும், இழுவை போய்விடும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கத் திக்கித் திணறி அணைந்துவிடும். பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி கிளம்புகிறது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது, ரேடியேட்டரில் தண்ணீரும் குறையவில்லை.

போன ஞாயிறு பெருங்களத்தூரில் நின்றபோது பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றினேன். பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனது. சரி, பெட்ரோல் ஆவியாகி லைனை அடைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் பிளக்கில் ஸ்பார்க் வர உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயிலில் கை வைக்க முடியாத சூடு. அணைந்தவுடன் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருந்தேன்: ஸ்பார்க் நீலமாக இல்லை, மஞ்சளாக, நூல் மாதிரி வந்தது.

ஸ்பார்க் சம்பந்தப்பட்ட பாயின்ட், கண்டென்சர், பிளக் எல்லாம் புதுசு. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டியும் மாற்றமில்லை. மெக்கானிக் அண்ணன் பம்பை மாற்றச் சொல்கிறார். எனக்குச் சந்தேகம் காயில் மேல்தான், ஈரத்துணி வைத்த நேரத்தில் அதுவும் ஆறியிருக்குமே.

சூடாக இருக்கும்போதே காயிலை மீட்டரில் சோதித்தவர்கள் இருந்தால் எவ்வளவு ஓம் காட்ட வேண்டும் என்று சொல்லுங்கள். பம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே சூட்டைத் தடுக்க வரும் தடித்த பேக்கிங் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் கிடைக்குமா? அடுத்த மாதம் அப்பாவை இதே வண்டியில் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போக வேண்டும்.